ஊறிக்கிடந்த ரத்தம்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நான் உட்கார்ந்துவிட்டேன். விழுந்தேன் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். உட்கார்ந்தேன் என்றுதான் நான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

தண்ணீர் லாரி ஓட்டுவது என் பிழைப்பு. திருப்போரூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஏற்றி, ஓ.எம்.ஆர். ஓரத்துக் குடியிருப்புகளில் இறக்க வேண்டும். லாரி போக முடியாத தொட்டிகளுக்கு ஓஸ் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போவோம். அன்றைக்கும் இழுத்தேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறந்தது. காது அடைத்துக்கொண்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது காவலாளியின் முகம்.

"இன்னா அண்ணாத்த, மோட்டாரு காத்து வாங்குதா?"

கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனால் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கத்தும். எங்களைப் போன்றவர்களோடு பழகிப் பழகி அவருக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து ரத்தம் குடுத்தேன்பா."

"குடுத்துட்டு ஓஸ் இஸ்துகினு கீறியா. ஆஸ்பத்திரில ஒண்ணும் சொல்லலியா?"

சொன்னார்கள். கனமானது எதையும் இன்றும் நாளையும் தூக்காதீர்கள், ஓடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ரத்த வங்கியில் ஓர் அம்மா நிதானமாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் ஓஸைக் கனமான பொருளாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. யாராவது சிமெண்டு மூட்டையைத் தூக்கச் சொன்னால் முடியாது என்றிருப்பேன். ஓஸ் என் கையில் இன்னொரு கை மாதிரி. அதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். என் தங்கைக்கும் அதே. மற்றவர்களுக்கு மாமன் மச்சான் என்று யாராவது கொடுப்பார்கள். எங்கள் இருவருக்கும் சொந்தத்தில் ஒருவருக்கு ஒருவர்தான், வேறு ஆள் இல்லை. இந்த வகை ரத்தக்காரர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் அன்றைக்குச் செங்கல்பட்டுக்குப் போய்க் கொடுத்தேன். கோவளம் பக்கம் சாலையில் அடிபட்ட யாரோ ஒருவருக்கு. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

தொட்டி ஓரம் உட்கார்ந்த அதே வாரத்தில்தான் மாமல்லபுரத்திலிருந்து மச்சான் போன் செய்தார். மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். கடற்கரைக் கோயில் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கை முதன்முதலாக உண்டாகி, அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்ததாம். ஆபரேஷன்தான், ரத்தம் நிறையப் போகலாம், இந்த குரூப் நினைத்த நேரத்தில் கிடைக்காது, கொடுக்கிற ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆளு தான் கீறாரேன்னு சொல்லிட்டேன் மச்சான்," என்றார்.

நான் கொடுத்துவிட்டு வந்த சங்கதியைச் சொன்னேன். அவர் அதை அப்படியே தங்கையிடம் சொல்வது கேட்டது. பிறகு தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எவனுக்கோ குடுத்துட்டியாமே."

"எனக்கு இன்னா தெரியும் ஒனக்கு இப்டி ஆகும்னு. மூணு மாசம் போனா மறுபடி எடுப்பாங்க. ஒனக்கு அதுக்கப்புறம் தானே நாளு."

"அதுக்குள்ள ஊறிடுமா?"

"ஊறிடும்."

ஊறல் என்பது எங்கள் தொழிலில் பெரிய சொல். இறைத்த கிணற்றில் தண்ணீர் திரும்ப ஏறுவதை அப்படிச் சொல்வோம். காலையில் நாலு வண்டி ஏற்றிய கிணற்றுக்கு மத்தியானம் போனால் மோட்டார் கொட்டகையில் இருப்பவர் கையை விரிப்பார், ஊறல் இல்லை, அப்புறம் வா என்பார். போலீஸ்காரர் காதில் இந்தச் சொல் விழுந்தால் சாராயப் பானையைத் தேடுவார், அது வேறு கதை. கிணற்றுக்காவது எட்டிப் பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உடம்புக்குள் எப்படி எட்டிப் பார்ப்பது?

நான் எட்டிப் பார்த்தது என் சோர்வைத்தான். காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்கத் தூங்காதவன்போல இருக்கும். கியர் மாற்றுகிற கைக்கே இளைப்பு வரும். இது போதாதென்று ரத்த வங்கி அம்மா வேறு ஒரு குண்டைப் போட்டிருந்தார். முன்பு கொடுத்தபோதே பிரஷர் எல்லையில் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் அடுத்த முறை உங்களிடம் எடுக்க மாட்டோம், தினமும் நடங்கள், உப்பைக் குறையுங்கள் என்றிருந்தார். ரத்தம் ஏற வேண்டும், பிரஷர் இறங்க வேண்டும். ஒரே உடம்பில் இரண்டு வேலை.

என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கணக்கு உதைத்தது.

"கீற ரத்தத்த நடந்து நடந்து எரிச்சிட்டு, அப்பால இன்னாத்த குடுப்ப?"

"எரியாதாம்டி."

"வேர்வ எதுலேர்ந்து வருது? பைப்புலேர்ந்தா வருது?"

ஆனாலும் ஒரு மாதம் போல ஓய்வாகப் போக விட்டு, பிறகு நடக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தை ஒட்டி இருக்கிறது. முதல் லோடுக்கு லாரியை எடுப்பதற்கு முன்னால், மலையைச் சுற்றி வருகிற பாதையில் கால் வைத்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் சுற்றுகிற பாதைதான். மற்ற நாளில் நாய்களும் நானும், சர்க்கரை வியாதிக்காரர்கள் சிலரும். பாதி மலையைச் சுற்றுவதற்குள் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவேன். கைத்தடி ஊன்றிய பெரியவர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு போவார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, மல எங்கயும் போயிடாது, மெதுவா வா," என்றார். ஆறுதலாகச் சொன்னாரா குத்திக் காட்டினாரா என்று பாதை முடிகிறவரை யோசித்தேன்.

வீட்டில் முருங்கைக்கீரை, அது முடிந்தால் கேழ்வரகு அடை, அதிலும் முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் எனக்கென்று ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, எடுத்து வைத்திருப்பார். அது ரத்தமாகவே உடம்பில் போய் ஒட்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாப்பிட்டவுடன் டீ குடிக்கக் கூடாது, சத்து சேராது என்று அந்த ரத்த வங்கி அம்மா சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், இதைத்தான் முடியவில்லை. லாரிக்காரனிடமிருந்து டீயை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் மட்டும்தான் மிச்சம்.

நடந்துவிட்டு வந்து லாரி ஓட்டி, ஓஸ் இழுத்து, ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. ஆனால் தங்கை தினமும் போன் செய்தாள். ஊறுதா என்று கேட்பாள். அவள் குரலில் கேலி இருக்கும். கேலிக்குக் கீழே இருந்ததும் எனக்குக் கேட்கும். அவளுக்கு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுக்கப் பயம். நான் பக்கத்து அறையில் கையை நீட்டிப் படுத்திருப்பேன் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். தங்கை அன்றைக்குக் கொஞ்சம் தயங்கிப் பேசினாள்.

"ண்ணா, ஒண்ணு வேண்டிகினேன்."

"வேண்டிக்கோ. நல்லது தானே."

"நீ அலகு போட்டுக்குவன்னு வேண்டிகினேன்."

வேண்டுவது ஒருவர், செய்வது இன்னொருவர். எங்கள் பக்கம் இது சகஜம். பிள்ளைக்கு மொட்டை, கணவனுக்குத் தீமிதி, அண்ணனுக்கு அலகு என்று பெண்கள் அம்மனிடம் பேசி முடித்துவிட்டு வந்து தகவல் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சள் கட்டி விரதம் இருந்தேன். திருவிழா அன்று குளத்தில் முழுகி எழுந்ததும், சின்ன வெள்ளி வேலைக் கன்னத்தில் இந்தப் பக்கம் ஏற்றி அந்தப் பக்கம் எடுத்தார்கள். பம்பைச் சத்தத்தில் வலி பெரிதாகத் தெரியவில்லை. ஊரைச் சுற்றி வந்தபோது எனக்கே ஆச்சரியம், இளைப்பு இல்லை. வெறுங்காலில் தார் ரோட்டில் கடைசிவரை ஆடிக்கொண்டு போனேன். அலகை எடுத்து விபூதியை அழுத்திய பூசாரி, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை பார் என்று கூட்டத்துக்குக் காட்டினார். நான் அதைத் தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் உனக்குத்தான் பத்திரமாக இருக்கிறது என்றேன். நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆபரேஷனுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். மூன்று மாதம் கடந்திருந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் அங்கிருக்கிற ரத்த வங்கிக்குப் போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். அதே அம்மாதான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "பரவாயில்லையே, ரெண்டுமே நல்லா இருக்கு. நடந்தீங்களா?" என்றார்.

"மலைய தேய்ச்சிட்டேன்மா."

பிறகு வழக்கமான கேள்விகள். ஜுரம் வந்ததா, மாத்திரை சாப்பிட்டீர்களா, பல் பிடுங்கினீர்களா. நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பச்சை குத்தினீங்களா, காது மூக்கு ஏதாவது குத்தினீங்களா?"

"நானு இன்னாத்துக்குமா மூக்கு குத்திக்கப் போறேன்," என்று சிரித்தேன்.

சிரித்ததில் கன்னம் மடிந்தது. அவர் எழுந்து வந்து பார்த்தார். "இது என்ன தழும்பு?"

"இது சாமிக்குமா. அலகு போட்டது."

"குத்தினதுதானே?"

"குத்தலமா. போட்டது."

நான் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் அலகு குத்துகிறேன் என்று சொல்வதில்லை. அலகு போடுவோம். மூக்கைக் குத்துவார்கள், பச்சையைக் குத்துவார்கள், ஊசியைக் குத்துவார்கள். அலகு அந்த வரிசையில் என் மனதில் இருந்ததே இல்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு வருஷத்துக்கு உங்ககிட்ட எடுக்க முடியாது," என்றார். ஒரே அலகை எத்தனை பேருக்குப் போட்டிருப்பார்கள், அதில் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தால் இப்போது சோதனையில் தெரியாமலே போகலாம் என்று விளக்கினார். கோபமே இல்லாமல் பேசினார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"வேற யாருக்கும் இல்லமா. என் தங்கச்சிக்கு தான். அவளுக்கோசரம் தான் போட்டதே."

"உங்க தங்கச்சிக்குங்கிறதால தான் சொல்றேன்," என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அத்தனை நாள் நடை, அத்தனை கீரை, எல்லாம் உடம்பில் நிறைந்து கிடக்கிறது. எடுப்பதற்குத்தான் வழி இல்லை. மச்சான் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ கிட்ட சொல்லாத மச்சான்," என்றார். "இத்த கேட்டா இப்பவே பிரஷர் ஏறிடும்."

"சொல்லல. வேற ஆள புடிக்கணும்."

"எங்க போய் புடிக்கறது. சாதா ரத்தமா இது, தெருவுல கூப்ட்டா வர்றதுக்கு. பேஜாரா கீது மச்சான்."

ரத்த வங்கி அம்மாவும் வேறு இடங்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஒரு பாட்டில் காஞ்சிபுரத்திலிருந்து வரும், இன்னும் ஒன்று இருந்தால் நிம்மதி என்றார். நான் எங்கள் போன் குழுவில் செய்தி போட்டேன். எழுத்துக்கூட்டி அடிப்பதற்குள் நேரம் போனது. ஒருவர் வெளியூரில் இருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஆகிற நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, திருநெல்வேலிப் பக்கம் என்பது பேச்சில் தெரிந்தது. ஆபீஸ் வண்டியில் கேளம்பாக்கம் வரை வந்துவிடுகிறேன், அங்கிருந்து எப்படி வருவது என்று கேட்டாள். நீங்கள் எதிலும் ஏற வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று நானும் மச்சானும் ஆட்டோவில் கிளம்பினோம்.

கேளம்பாக்கத்தில் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, திருப்போரூர் தாண்டி, காட்டு ரோட்டில் காற்று குளிர்ந்து அடித்தது. அவள் பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"நாளக்கழிச்சு எனக்கு ஒரு மாரத்தான் ஓட்டம் இருக்குண்ணே. ஈசிஆர்ல. மாசக்கணக்கா பழகிட்டு இருக்கேன். ரத்தம் குடுத்துட்டு ஓடலாம்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்து முறைத்தார். எனக்குப் புரிந்தது. ஓடலாம் என்று சொல்லிவிட்டால் போச்சு. இவளையும் விட்டால் வேறு ஆள் இல்லை. ஆனால் எனக்குத் தொட்டி ஓரம் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்காகப் பழகியவளின் களைப்பு இன்னதென்று எனக்கு இப்போது தெரியும்.

"ஓடக் கூடாதும்மா. எனக்கு மறுநாளே கண்ணு இருட்டிச்சி. நடக்கலாம், அதுவும் மெதுவா. வேகமா ஓடறதுக்கெல்லாம் கொஞ்ச நாள் ஆவும்."

மச்சான் வண்டியை ஓட்டிக்கொண்டே முனகினார். "சொம்மா வர மாட்டியா மச்சான் நீ."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"யாருக்குண்ணே இது?"

"என் தங்கச்சிக்கு. மொத கொழந்த."

"அப்போ நீங்க ஏன் குடுக்கல?"

கன்னத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவள் முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். மச்சானும் சிரித்தார். நானும்தான். சிரிக்கிற விஷயமே இல்லை, ஆனால் அன்று முழுவதும் நாங்கள் அடக்கி வைத்திருந்தது எதுவோ அப்படி வெளியே வந்தது.

"சரி விடுங்கண்ணே," என்றாள். "ஓட்டம் அடுத்த வருஷமும் வைப்பாங்க."

கொடுத்து முடித்ததும் சட்டென்று எழுந்திருக்கப் போனாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிடவைத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனோம். மச்சான் அவளைப் படூரில் விடுதி வாசலிலேயே இறக்கினார். மாடியா என்று கேட்டேன். மூணாவது மாடி என்றாள். லிப்டில் போம்மா என்றேன். நீங்க எங்க அம்மாவுக்கு மேல இருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆபரேஷன். டாக்டர் சொன்னபடியே ரத்தம் போனது. இரண்டு பாட்டிலும் ஏறியது. நானும் மச்சானும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தை மாதம் நிறையாததால் நேராகப் பச்சைக் குழந்தைகள் அறைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. தங்கையை வெளியே கொண்டுவந்தபோது அவள் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது.

அடுத்த நாள் நான் போனபோது விழித்திருந்தாள். மச்சான் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"ண்ணா, ஒன் ரத்தந்தானே ஏத்தினாங்க?"

மச்சான் தரையைப் பார்த்தார்.

"நம்ம குரூப்பு தான்," என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ பக்கத்துல கீறன்னு நெனச்சிகினே தான் படுத்தேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மன் கைவிடல. நீ அலகு போட்டது வீண் போவல."

"ஆமா," என்றேன். கன்னம் லேசாக அரித்தது. சொறிந்துகொள்ளவில்லை.

நர்ஸ் வந்தார். எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும், படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றார். தங்கை முடியவே முடியாது என்றாள். தலை சுற்றுகிறது, தையல் இழுக்கிறது, கொன்றுபோட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். குழந்தை இருக்கிற அறை இந்த வராந்தாவின் கடைசியில்தான் என்று நர்ஸ் பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தங்கை போர்வையை விலக்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

முதலில் உட்காரவைத்தேன். உடனே நிற்காதே, காலைத் தொங்கப்போட்டு இரு, கண் இருட்டினால் சொல் என்றேன். நின்றபோது அவளுடைய முழு எடையும் என் மேல் சாய்ந்தது. தாங்க முடிந்தது. ஓர் அடி, இன்னோர் அடி. சுவரோரமாகப் போனோம். பக்கத்துக் கட்டில்காரி கால்களை மடக்கி வழி விட்டாள். பாதித் தூரத்தில் தங்கை நின்றுவிட்டாள், நெற்றியை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்ணா?"

"அந்தக் கதவு தான். நில்லு, அவசரம் இல்ல."

"கொழந்த யாரு மாதிரி கீது?"

"மூக்கு மச்சான் மாதிரி கீது."

"அய்யோ," என்றாள் தங்கை. மூச்சை இழுத்து விட்டுவிட்டு, அடுத்த காலை எடுத்து வைத்தாள்.